ஏழாவது பாட்டில் ஒரு விசும்பல்

கல்யாணமாகி இருபது வருடம். அதற்காக அவர் அந்த ராக் ஆல்பத்தின் இசைத்தட்டை வாங்கி வந்திருந்தார். புத்தம் புதிது.

எங்களிடம் முன்பு இருந்தது கேசட். காதலித்த காலத்தில் அவர் பதிந்து கொடுத்தது. அப்போது ரேடியோ மெக்கானிக். இணைப்பு ஒயர் கிடைக்காமல் ஸ்பீக்கர் முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிந்தாராம். கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக, மூச்சுக்கூட விடாமல். நூறு தடவை சொல்லியிருக்கிறார்.

ஒன்பது பாட்டு. எல்லாம் சாவும் காதலும். ஏழாவதில் ஒருவன் கல்லறை வாசலில் நின்று காதலியைக் கூப்பிடுவான். கிடார் நிற்கும். அந்த அமைதியில் ஒரு பெண் விசும்புவாள். செத்தவள் பதில் சொல்கிறாள் என்று நினைப்பேன். அதைக் கேட்ட மறுநாள்தான் கல்யாணத்துக்குச் சரி சொன்னேன். கேசட் அறுந்து பத்து வருடமாகிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். தையல்கடை வைத்திருக்கும் அக்கா வந்திருந்தாள். எங்கள் ஜன்னல் திரைக்குக் கையால் ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள்.

“டெய்லரம்மா, பேய்ப் பாட்டு போடப் போறேன். பயப்படாதீங்க.”

“நீங்க விடற குறட்டையைவிடவா மாப்பிள்ளை?”

சிரித்தோம். பாட்டு ஓடியது. ஏழாவது வந்தது. கிடார் நின்றது.

ஒன்றுமில்லை. டிரம்ஸ் ஆரம்பித்துவிட்டது.

“இருங்க. திரும்பப் போடுங்க.”

போட்டார். கிடார் நின்றது. ஒன்றுமில்லை.

“அழுகையைக் காணோம்.”

“எந்த அழுகை?”

“ஒரு பொண்ணு அழுவாளே. முதல்ல ரெண்டு தடவை மூச்சை இழுத்து, அப்புறம்…”

செய்து காட்டினேன். பாதியில் நிறுத்தினேன். என் தொண்டையிலிருந்து வந்தது அக்காவின் அழுகை. அப்பா செத்த அன்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது.

அவர் இசைத்தட்டின் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கம்பெனிக்காரன் வெட்டியிருப்பான். புதுசுல இப்படித்தான் பண்றாங்க.”

“தனியாத்தானே பதிஞ்சீங்க?”

உறையில் படிப்பதற்கு ஒன்றுமில்லை. அவர் படித்துக்கொண்டிருந்தார். எட்டாவது பாட்டு ஆரம்பித்தது.

அக்கா ஊசியைத் திரையில் குத்தி வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

“டேப் ஓடறப்போ வாயைப் பொத்திக்கிட்டுதான்டி இருந்தேன்” என்றாள்.