பின்னால் ஏதோ பேச்சுச் சத்தம்

"எத்தனை மணிக்கு?" என்று டாக்டர் கேட்டபோது, அம்மாவின் கண்களை மூடிய கையை மகள் இன்னும் எடுத்திருக்கவில்லை.

"நாலு பதினேழு" என்றார் அப்பா, ரயில் புறப்பாட்டை அறிவிப்பவரைப்போல. "செகண்டும் சொல்லணுமா?"

"வேண்டாம் சார்." டாக்டர் எழுதிக்கொண்டார்.

அந்த வீட்டில் அறுபத்து மூன்று கைக்கடிகாரங்கள் இருந்தன. எல்லாம் சாவி கொடுத்தால் ஓடுகிற ரகம். பேட்டரி என்பது அங்கே கெட்ட வார்த்தை. ஆனால் ஒன்றுகூடச் சரியான நேரம் காட்டாது. "மணி பாக்கறதுக்கா வாட்ச்? அதுக்குத்தான் போன் இருக்கே" என்பார் அப்பா. அவருக்கு வேண்டியதெல்லாம் உள்ளே சுழலும் குட்டிச் சக்கரங்களும் நிமிஷத்துக்கு முந்நூறு துடிப்பும்தான். முள் எங்கே நின்றால் என்ன? ஆகவே அந்த நாலு பதினேழு, சமையலறைச் சுவரில் தொங்கிய பிளாஸ்டிக் கடிகாரத்தின் உபயம். பேட்டரிதான். அம்மா வாங்கி மாட்டியது.

மருந்துக் கடைக்குப் போய்வர மகளுக்கு நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. இரண்டு மாதமாகப் படுக்கையில் கிடந்த அம்மாவை அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனாள்.

"காதை இங்கேயே வச்சிக்குங்கப்பா."

"நீ போய்ட்டு வாம்மா. நான் எங்க ஓடிப்போறேன்?"

ஓடித்தான் போகவில்லை. அடுத்த அறையில், துடிப்பைப் பெரிதாக்கிக் காட்டும் மைக்கில் ஒரு வாட்சைக் கவ்வவைத்து, இரண்டு காதிலும் ஹெட்ஃபோனைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் திரும்பி வந்து, அம்மாவைப் பார்த்து, அலறி, ஓடிப்போய் அவர் தோளைத் தொட்டபோது, உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்றார்.

அம்மாவின் ஒரு கால் கட்டிலுக்கு வெளியே தொங்கியது. போர்வை தரையில் கிடந்தது. இரண்டு மாதமாகத் தானாகப் புரண்டு படுக்க முடியாதவள்.

டாக்டர் போனபின் கேட்டாள். "அம்மா கூப்பிடலையாப்பா?"

"கூப்பிட்டா எனக்குக் கேக்காதா? ஒரு வாட்ச் இம்மி இழுத்து ஓடினாலே கண்டுபிடிச்சிடுவேன் நான். தூக்கத்துலயே போயிட்டாம்மா. சத்தமே இல்ல."

வந்தவர்களிடமெல்லாம் இதையே சொன்னார். ஆறாவது ஆளிடம் சொல்லும்போது "சிரிச்ச முகமா" என்பதும் சேர்ந்துகொண்டது. அவள் அம்மாவின் தலையை வாரிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படியே நம்பிவிட ஆசையாக இருந்தது. அம்மா கூப்பிடவில்லை என்று மட்டும் யாராவது உறுதியாகச் சொல்லிவிட்டால் போதும், மற்றதையெல்லாம் எப்படியோ சமாளித்துவிடலாம்.

ஆறு மணிக்குக் கைக்கடிகாரச் சேகரிப்பாளர் சங்கத்தின் தலைவர் வந்தார். உறுப்பினர்கள் நாற்பத்தொரு பேர், அதில் பொறுப்பில் இருப்பவர்கள் முப்பது. துக்க வீடு என்பதால் கறுப்பு முகப்பு வாட்சாகத் தேர்ந்தெடுத்துக் கட்டியிருந்தார். அது தெரிய வேண்டிய அளவுக்குச் சட்டைக் கையும் மடிக்கப்பட்டிருந்தது.

"காலம்கிறது மாபெரும் இயந்திரம் சார்" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நாமெல்லாம் அதுல வெறும் பல்சக்கரம்."

பல்சக்கரத்துக்கு மூச்சு வாங்கியது. நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தது. தண்ணீர் கேட்டது. மகள் கொண்டுவந்து கொடுத்தாள்.

குடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இந்த நேரத்துல சொல்லக் கூடாதுதான். நாலு மணி வாக்குல குரூப்ல ஒரு ஆடியோ போட்டீங்களே, எல்லாரும் அசந்துட்டாங்க. என்ன துடிப்பு சார்!"

வாட்சுக்குப் பக்கத்தில் போனை வைத்து ஓசையைப் பதிவு செய்து அனுப்புவது அந்தச் சங்கத்தில் ஒரு விளையாட்டு. யாருடையது சுத்தமாகத் துடிக்கிறது என்று போட்டி.

"ஒரே ஒரு குறை. பின்னாடி ஏதோ பேச்சுச் சத்தம். டிவியை அணைச்சிட்டு இன்னொரு தடவை எடுத்தீங்கன்னா..."

"டிவி ஓடலையே" என்றார் அப்பா.

சொன்ன பிறகுதான் அவர் வாய் அப்படியே நின்றது. மகளைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். அதுவரை தெரிந்துகொள்ளத் துடித்தவளுக்கு, இப்போது தெரியாமலே போனால் தேவலை என்றிருந்தது.

"போனைக் குடுங்கப்பா. அப்புறம் பாத்துக்கலாம்."

அப்பாவின் விரல் அதற்குள் போனில் அந்தப் பதிவை அழுத்திவிட்டது.

முதலில் துடிப்பு மட்டும்தான். ஒரே சீராக, பிசிறில்லாமல். தலைவர் தம்மையறியாமல் தலையாட்டினார். பிறகு, அதற்குப் பின்னால், வெகு தூரத்தில்:

"ஏங்க."

துடிப்பு.

"ஏங்க, கொஞ்சம் வாங்களேன்."

யாரோ ஒரு உறவுக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். துடிப்பு ஓடிக்கொண்டே இருந்தது.

"ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க."

அதோடு பதிவு முடிந்தது. முடிந்ததும், அந்தப் போனுக்கு உள்ள வழக்கப்படி, அடுத்திருந்த பதிவு தானாகவே ஓடத் தொடங்கியது. அறை முழுக்கத் தலைவரின் குரல் முழங்கியது: "அபாரம்! அபாரம் சார்! இதுதான் உயிருள்ள வாட்ச்!"

மகள் போனைப் பிடுங்கி அணைத்தாள். தலைவர் மடித்த சட்டைக் கையை மெல்ல இறக்கி, மணிக்கட்டில் பொத்தான் போட்டுக்கொண்டார்.

"ஹெட்ஃபோன்ல..." என்று அப்பா ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

எழுந்து உள்ளே போனார். கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அம்மாவின் வாயருகே காதைக் கொண்டுபோனார். அப்படியே நின்றார். வாசலில் யாரோ வருவதும் செருப்பைக் கழற்றுவதும் கேட்டன. முதுகு நடுங்கத் தொடங்கிய பிறகும் அவர் நிமிரவில்லை.

மகள் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து அவருக்குப் பின்னால் போட்டாள். உட்காருங்கள் என்று மட்டும் சொல்லவில்லை.