எந்தக் கட்டைவிரல்

…புஷ்பமாம், கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஒரே நேரத்தில் தந்தியில் பட்டால் அதற்குப் பெயர் புஷ்பமாம், பெயர் வைத்தவனுக்கு விரல் வலித்திருக்காது போலிருக்கிறது, அவள் யாழில் மீட்டிக் காட்டினாள், பக்கத்தில் பேராசிரியர், அவளைக் கட்டிய மகராசன், சமஸ்கிருத சுலோகத்தைச் சொல்லி அர்த்தம் விரித்தார், சபை தலையாட்டியது… இருபது வருடமாக இதே கூத்துதான், இன்றைக்கு அவர் புத்தக வெளியீடு, முந்நூறு பக்கம், கையோடு ஆராய்ச்சி நிலைய இயக்குநர் பதவியும் வரப்போகிறது, எல்லாம் ஒரு கட்டைவிரலை நம்பி. அடுத்த மீட்டலுக்குச் சுலோகத்தில் கட்டைவிரல் என்றுதான் இருக்கிறது, எந்தக் கை என்று இல்லை, இடதுதான் என்று இவர் சாதிக்கிறார், அவள் வீட்டில் பரம்பரையாகக் கைமாறி வந்த வழக்கமாம், சாட்சி அவளுடைய பழைய ஒலிப்பதிவும் அப்போது பக்கத்தில் உட்கார்ந்து இவர் எழுதிக்கொண்ட குறிப்பும். பரம்பரையாவது மண்ணாங்கட்டியாவது, அந்தப் பதிவுக்கு முந்தின நாள் அவசரத்தில் கார்க் கதவை அறைந்து சாத்தினது யார், அவள் வலது கட்டைவிரல் உள்ளே இருந்தது, நகம் கறுத்துப் போயிற்று, 'பாத்து வைக்கக் கூடாதா கைய' என்றார், அவ்வளவுதான், மறுநாள் அவள் இடது கையால் மீட்டியதைக் குறித்துக்கொண்டவர் வலது கையில் சுற்றியிருந்த துணியைப் பார்க்கவில்லை, அது எப்படித்தான் முடியுமோ… சொல்லியிருக்கலாம்தான், கேட்டால்தானே சொல்ல.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "ஏன் சார் இடது கை? வலதுல வாசிச்சா சுலபமா இருக்குமே?" அவர் சிரித்தார். "அவங்ககிட்டயே கேளுங்க, பரம்பரைக் கை. நீயே சொல்லேம்மா." ஒலிவாங்கி அவள் முன்னால் நகர்ந்து வந்தது, இருபது வருடத்தில் முதல் தடவை. சொல்லிவிடலாம், கதவு என்று ஒரு வார்த்தை போதும், அவர் மானம் கப்பலேறிவிடும், பதவியும் போகும், போகட்டுமே, வயிறு எரிந்தது எத்தனை நாள்… ஆனால் அந்த முந்நூறு பக்கத்தில் அவள் எங்கே இருக்கிறாள், புஷ்பத்தைத் தடவித் தடவிக் கண்டுபிடித்தது அவள், இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து மீட்டிப் பார்த்தது அவள், எல்லாம் அவர் பெயரில் போயாயிற்று, இது என் மனைவியின் கை என்று அவர் எழுதியிருப்பது இந்த ஓரிடத்தில்தான், அதுவும் தப்பு. தப்பென்று சொன்னால் அந்த ஓரிடமும் போய்விடுமே, அப்புறம் அவளுக்கு என்று என்ன மிச்சம்…

"சொல்லுங்கம்மா," என்றாள் மாணவி. வலது கட்டைவிரல் லேசாகக் குடைந்தது. அவள் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தாள், இடது கையால் எடுத்திருக்கிறாள் என்பதை அப்புறம்தான் கவனித்தாள்.