மெழுகோடு சேர்த்த எடை

பழைய பனிச்சறுக்குச் சாமான் சந்தை நடக்கிற சனிக்கிழமையில் அந்த ஊரில் யாரும் கல்யாணம் வைத்துக்கொள்வதில்லை. வைத்தால் மாப்பிள்ளையே வரமாட்டான். அமெரிக்காவின் வடக்கு வெர்மான்டில் நவம்பர் பிறந்து, மலை உச்சியில் சர்க்கரை தூவினாற்போல் முதல் வெண்மை தெரிந்ததும், பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் கூடைப்பந்து வளையங்களுக்குக் கீழே மேசைகள் முளைத்துவிடும். போன குளிரில் ஒரு பிள்ளை போட்ட பூட்ஸ் இந்தக் குளிரில் அடுத்த தெருப் பிள்ளைக்கு. அந்தப் பிள்ளையின் சறுக்குக்கட்டைகள் பாதிரியாரின் பேத்திக்கு. எந்தக் கட்டை எந்தக் காலிலிருந்து எந்தக் காலுக்குப் போகிறது என்பது ஊருக்கே மனப்பாடம்.

ரஸ் தீபோ இந்த ஆண்டு ஒரு சதித்திட்டத்தோடு வந்திருந்தான்.

மகள் மார்னிக்குப் பதின்மூன்று முடிந்துவிட்டது. சிறுவர் சாமானா, பெரியவர் சாமானா என்று இரண்டுங்கெட்டானாக நிற்கிற வயது. பெரியவர் சாமான்தான் என்று முடிவானால் அவள் கேட்கப்போவது ஒரே ஜோடியைத்தான்: கார் கொட்டகைச் சுவரில் இரண்டு ஆணிகளில் தொங்கிக்கொண்டிருந்த, அவள் அம்மா ஜோலீனின் பச்சைக் கட்டைகள். ஜோலீன் இறந்துபோய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. அந்தக் கட்டைகளை ரஸ் துடைத்ததும் இல்லை, கழற்றியதும் இல்லை. வண்டியை உள்ளே விடும்போது முன்விளக்கின் வெளிச்சம் அவற்றின்மேல் பட்டு நழுவும். அது போதும் என்றிருந்தான்.

'தரமாட்டேன்' என்று மகளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வராது. ஆனால் அவனுக்கு ஒரு விஷயம் தெரியும். சிறுவர் பூட்ஸின் அடிப்பாகம் மெலிசு. பெரியவர் கட்டையில், பூட்ஸைப் பிடித்துக்கொள்ள இருக்கும் கவ்வியில் அது சரியாக உட்காராது. மலையில் சறுக்க வருகிறவர்களை மேலே ஏற்றும் நாற்காலித் தூக்கிகளைப் பழுதுபார்த்தே காலம் தள்ளுகிறவனுக்கு எது எதில் பொருந்தாது என்பது அத்துப்படி. ஆகவே இன்றைக்கு ஒரு சிறுவர் பூட்ஸை மகளின் காலில் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது. மறுப்பது அப்பா இல்லை, பூட்ஸ்.

"பெவ் அத்தை என்ன சொல்றாங்களோ, அதுதான் முடிவு. சரியா?" என்று காலையில் அப்பத்தை வெட்டிக்கொண்டே வாக்கு வாங்கியிருந்தான்.

"சரி" என்று சொன்ன மார்னி, அப்பா காபி குடித்து முடிப்பதற்குள் பச்சைக் கட்டைகளைத் தானே ஆணியிலிருந்து இறக்கி, கம்பளியில் சுற்றி, வண்டியின் பின்னால் ஏற்றிவிட்டாள். 'பெவ் பார்த்தால்தானே சொல்ல முடியும்' என்பது அவள் வாதம். வெளியே அவ்வளவு குளிர் இல்லை. ஆனாலும் இருக்கிற ஜாக்கெட்டிலேயே தடியானதைப் போட்டுக் கழுத்துவரை இழுத்து மூடியிருந்தாள். ரஸ் அதைக் கவனிக்கவில்லை. சதி செய்கிறவனுக்கு அடுத்தவன் சதி கண்ணில் படாது.

பெவ் கடைத்தெருவில் சறுக்குக்கட்டை பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவள். சந்தையன்று கவ்விகளைத் திருகிச் சரிசெய்யும் மேசை அவளுடையது. ஜோலீனின் சிநேகிதி. வருஷா வருஷம் இந்த மேசையருகே மார்னியை உரித்து உடுத்துகிற வேலையை இரண்டு பெண்களும்தான் செய்வார்கள். ரஸ் டோனட் வாங்கி வருவதோடு சரி.

"வாடா ரஸ். மூஞ்சி ஏன் திருடன் மாதிரி இருக்கு?"

"காபி பத்தல."

"குட்டி, நீ எங்கே இப்படி வளர்ந்துட்டே போறே? மேல கூரை இருக்கு, பாத்து."

ரஸ் நேரத்தை வீணாக்கவில்லை. சிறுவர் வரிசையிலேயே பெரிய ஜோடியைத் தேடி எடுத்து வந்து மேசைமேல் வைத்தான். ஊதா நிறம், பக்கவாட்டில் மின்னல் படம்.

பெவ் பூட்ஸின் உள்ளுறையை உருவி எடுத்தாள். வெறும் ஓட்டுக்குள் மார்னியின் காலை விடச் சொல்லி, குதிகாலுக்குப் பின்னால் தன் விரலை நுழைத்துப் பார்த்தாள். இரண்டு விரல் போனால் பெரிசு, ஒன்று ஒன்றரை போனால் பொருத்தம். அதுதான் அவள் கணக்கு.

"எத்தனை விரல் போகுது?" என்றான் ரஸ்.

"விரலா? நகமே போகல."

"கொஞ்சம் இறுக்கமா இருக்கறதுதான் நல்லது. போடப் போட இளகிடும்."

"பிளாஸ்டிக் ஓடுடா இது, துணியில்ல. ஏன் குட்டி, வலிக்குதா?"

"விரலெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கு அத்தை."

பெவ் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "இந்த மேசையில நின்னு நான் பாக்காத அப்பன் ஆத்தா இல்ல. எல்லாரும் ரெண்டு சைஸ் பெருசா வாங்கி, 'அடுத்த வருஷமும் ஆகும் பெவ்'னு சொல்லி, பிள்ளையைப் படகுல ஏத்தின மாதிரி அனுப்புவாங்க. ஒரு சைஸ் சின்னதா வாங்க வந்த மொத அப்பன் நீதான்டா!"

பின்னால் வரிசையில் நின்ற தபால்கார டூயி விடவில்லை. "துணி துவைச்சா சுருங்கும். கால் சுருங்குமா ரஸ்?"

"நீ உன் வரிசையில நில்லு டூயி."

"ஜோலீனோட பூட்ஸ் இருக்குமே, அதைப் போட்டுப் பாக்கலாமே" என்றாள் பெவ்.

மார்னி தரையைப் பார்த்தாள். "போட்டுப் பாத்துட்டேன். கட்டைவிரல் மடங்குது."

எப்போது போட்டுப் பார்த்தாள் என்று ரஸ்ஸுக்குத் தெரியாது. ஊதா பூட்ஸிலிருந்து வெளியே வந்த அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். நீளமான கால். ஜோலீனின் காலைவிட நீளம். கோடையில் எந்த வாரத்தில் அது அம்மாவின் காலைத் தாண்டியது? வீட்டில் இருந்த ஒருத்தனும் பார்க்கவில்லை. இருந்ததே ஒருத்தன்தான்.

"சரி, பூட்ஸ் பெரியவங்களுது" என்று முடித்தாள் பெவ்.

கோட்டையின் முன்வாசல் போயிற்று. ரஸ் பின்வாசலுக்கு ஓடினான்.

"பூட்ஸ் சரி பெவ். ஆனா எடை? இவ கொக்கு மாதிரி இருக்கா. பெரியவங்க கவ்வி இவ எடைக்கு லேசா விடுமா? விழுந்தா கட்டை கழண்டு போகணும். கழலாட்டி கால் ஒடியும்."

இது நியாயமான கேள்வி. பெவ்வே தலையாட்டினாள். ரஸ்ஸின் நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கொண்டாட்டம்.

"ஏறு குட்டி" என்று மேசைக்கடியிலிருந்த எடை பார்க்கும் கருவியைக் காலால் தள்ளினாள் பெவ்.

மார்னி இதற்காகவே காத்திருந்தவள்போல் ஏறினாள். ஏறும்போது ஏதோ கடகடவென்றது. முள் நூற்றுப் பன்னிரண்டு பவுண்டில் போய் நின்றது.

பெவ் முள்ளைப் பார்த்தாள். பிறகு ஜாக்கெட் கைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த, பென்சில் போன்ற மணிக்கட்டைப் பார்த்தாள்.

"ஜாக்கெட்டைக் கழட்டு."

"குளிருது அத்தை."

"நெத்தியில வேர்த்து ஊத்துது. கழட்டு."

"ஜலதோஷம்."

"மார்னி."

அவள் ஒரு காலைக் கீழே வைத்தாள். காலுறைக்குள்ளிருந்து ஒரு சிவப்புக் கட்டி நழுவி, பளபளத்த தரையில் வழுக்கிக்கொண்டு போய் டூயியின் காலில் முட்டி நின்றது. கட்டைகளின் அடியில் தேய்க்கும் மெழுகு. அதன் பிறகு மறைக்க என்ன இருக்கிறது? வலது பையிலிருந்து மஞ்சள், இடது பையிலிருந்து நீலம், உள்பையிலிருந்து பச்சை, ஜாக்கெட் கைக்குள்ளிருந்து ஊதா என்று மேசையில் கட்டி கட்டியாக எடுத்து வைத்தாள். கூடத்தின் அந்த மூலை முழுவதும் மெழுகுவர்த்தி வாசம் அடித்தது.

"ஜாக்கெட்டா, இல்ல மளிகைக் கடையா?" என்றான் டூயி, சிவப்புக் கட்டியைக் கொண்டுவந்து கொடுத்தபடி.

"ஸ்கூல்ல சொன்னாங்க. நூத்திப்பத்து இருந்தாத்தான் பெரியவங்க கட்டை குடுப்பாங்களாம்." மார்னியின் காது சிவந்திருந்தது.

ரஸ் மஞ்சள் கட்டியை எடுத்துப் பார்த்தான். ஓரத்தில் பிறைபிறையாக நகத்தடம். மெழுகு பதமாக இருக்கிறதா என்று ஜோலீன் கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்ப்பாள். அவளுடைய பெட்டியைத்தான் காலி செய்துகொண்டு வந்திருக்கிறாள் மகள். திட்டுவதற்கு வாயைத் திறந்தான். ஊதா மின்னல் பூட்ஸ் மேசையிலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டான்.

பெவ் மட்டும் சிரிக்கவில்லை. "இங்க பாரு. இந்த எடையை நம்பி நான் திருகை முடுக்கியிருந்தா, நீ விழும்போது கட்டை உன்னை விட்டிருக்காது. உன் முட்டிதான் உன்னை விட்டிருக்கும். புரியுதா?"

"ம்."

"இப்ப ஜாக்கெட்டையும் கழட்டிட்டு உள்ளபடி ஏறு."

தொண்ணூற்றெட்டு.

"எப்படி ஓட்டுவே? பயந்து பயந்தா, நடுத்தரமா, பேய் மாதிரியா?"

"பேய் மாதிரி" என்று அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொன்ன பிறகுதான் ரஸ் நாக்கைக் கடித்துக்கொண்டான். மெதுவாக ஓட்டுகிறவளுக்குக் கவ்வி இன்னும் தளர்வாக வேண்டும். அந்தத் தளர்வு அந்தக் கவ்வியில் இருக்காது. கடைசிக் கதவையும் தானே சாத்திக்கொண்டான்.

பெவ் உயரம், வயது, பூட்ஸின் நீளம் எல்லாவற்றையும் முணுமுணுத்து, கவ்வியை எந்த எண்ணுக்கு முடுக்குவது என்று கணக்குப் போட்டாள். "மூணரை. இந்தக் கவ்வி மூணுலேர்ந்து ஆரம்பிக்குது. உங்கம்மா என்ன யானையா? அவளே குருவி மாதிரிதான் இருந்தா. அவளுக்குன்னு லேசானதாப் பாத்து நான்தான் மாட்டினேன். மெழுகு இல்லாமலே ஆகுது, முட்டாப் பொண்ணே."

கம்பளியைப் பிரித்துப் பச்சைக் கட்டை ஒன்றை மார்னியின் பக்கத்தில் நிறுத்தினாள். நுனி அவள் மூக்கைத் தொட்டது.

"தாடைக்குக் கீழே நின்னா குழந்தை, நெத்திக்கு மேலே போனா திமிரு. மூக்குல நிக்குது. இதைவிட என்ன வேணும்?"

"அடுத்த வருஷம் பாத்துக்கலாமே பெவ்" என்றான் ரஸ். குரல் அவனுக்கே சின்னதாகக் கேட்டது. "சுவத்துல பத்திரமாத்தானே இருக்கு."

"சுவத்துல தொங்கினாலும் வயசாகும்டா. கவ்வி பழசாச்சுன்னா கம்பெனிக்காரன் கைகழுவிடுவான். அப்புறம் எந்தக் கடையிலயும் அதுல திருப்புளி வெக்கமாட்டாங்க, நானும்தான். அதுக்கப்புறம் அது சறுக்குக்கட்டை இல்ல. வேலிக்குச்சி."

மார்னி மெழுகுகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்க்காமலே சொன்னாள்: "உங்களுக்கு வேணாம்னா வேணாம்பா. வேற ஏதாச்சும் வாங்கிக்கலாம். அந்த ஊதா பூட்ஸை மட்டும் வாங்காதீங்க."

ரஸ் நேராகப் போய்ப் பெரியவர் வரிசையில் தேடினான். சாம்பல் நிறத்தில், வளைத்தால் வளைகிற ஒரு ஜோடி பூட்ஸைக் கொண்டுவந்து உள்ளுறையை உருவி, ஓட்டுக்குள் மகளின் காலை விட்டு, குதிகாலுக்குப் பின்னால் தன் விரலையே நுழைத்துப் பார்த்தான்.

"ஒண்ணரை" என்றான்.

"உன் விரல் தடி. இருந்தாலும் சரி" என்றாள் பெவ்.

கட்டையை மேசைமேல் கிடத்தி பூட்ஸை வைத்தால், இடம் போதவில்லை. கவ்வியின் பின்பாதி ஜோலீனின் பூட்ஸ் நீளத்துக்கு நின்றிருந்தது. அதை நெம்பிப் பின்னால் தள்ள வேண்டும். பழைய குளிர்காலங்களின் அழுக்கு அதன் விளிம்பை ஒட்டி ஒரு கோடாகப் படிந்திருந்தது. பெவ் திருப்புளியை எடுத்தாள். எடுத்தவள், சும்மா வைத்துக்கொண்டு நின்றாள். வாயாடி பெவ்!

"குடு, நான் பண்றேன்" என்றான் ரஸ்.

நெம்பினான். முதலில் அசையவில்லை. பிறகு டக், டக் என்று இரண்டு பல் பின்னால் போய் நின்றது. விரல் அகலம்கூட இருக்காது. அந்த அழுக்குக் கோடு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

பெவ் திருகுகளை மூன்றரைக்கு வைத்துப் பூட்ஸை அழுத்தி மாட்டினாள். பக்கவாட்டில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். பூட்ஸ் துள்ளிக்கொண்டு வெளியே வந்தது.

"விடுது." மறுபடி மாட்டினாள். "பிடிக்குது. அவ்வளவுதான். அடுத்தது நீ. உன் கட்டையையும் கொண்டுவந்திருக்கியே. எடை என்ன?"

"நூத்தித் தொண்ணூறு" என்றான் ரஸ், கண் இமைக்காமல்.

டூயி கூரையைப் பார்த்தான்.

"அத்தை, அவரை மேல ஏத்துங்க" என்றாள் மார்னி.

"எதுக்கு? எனக்குத் தெரியாதா என் எடை?"

"ஏறுங்கப்பா. முட்டிதான் உங்களை விட்டுடும்."

ஏறினான். முள் நூற்றுத் தொண்ணூறை எட்டிப் பார்த்து, வணக்கம் சொல்லிவிட்டு, இருநூற்றுப் பதினான்குக்குப் போய்விட்டது.

"ஜாக்கெட் கனம்."

"கழட்டு" என்று மூன்று பேர் சொன்னார்கள். கழற்றினான். முள் மனசில்லாமல் லேசாக அசைந்தது.

மார்னி அவன் பைகளைத் தடவிப் பார்த்தாள். எல்லாம் காலி. தலையை ஆட்டினாள். "மெழுகு எதையாவது முழுங்கிட்டீங்களாப்பா?"

ரஸ் சிரித்த சத்தத்துக்கு அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சிரிப்பை ஊரில் கேட்டு நாளாகியிருந்தது.

முதல் பெரும்பனி பெய்த ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் இருவரும் மலையில்தான் இருந்தார்கள். மார்னி பேய் மாதிரியே ஓட்டினாள். இரண்டு தடவை விழுந்தாள், இரண்டு தடவையும் கட்டைகள் அவளை விட்டுவிட்டன. இறங்கி வந்து தேடி எடுத்து, பனியைத் தட்டி மறுபடி மாட்டிக்கொண்டாள். சாயங்காலம் அவளைச் சிநேகிதி வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் பால் வாங்கிக்கொண்டு ரஸ் வீடு திரும்பும்போது, கொட்டகைச் சுவர் மொட்டையாக இருக்கும் என்று எதிர்பார்த்தே வண்டியைத் திருப்பினான். கட்டைகள் இப்போது மார்னியின் அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கின்றன.

வெளிச்சம் சுவரில் பட்டது. மத்தியானம் சாப்பிட வந்தபோது மாட்டியிருக்க வேண்டும், இரண்டு ஆணிகளிலும் ஒவ்வொன்றாக அவளுடைய ஈரக் கையுறைகள் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தன. வழக்கமாக வண்டி நிற்கிற இடத்தில் ஒரு சின்னக் குட்டை.

ரஸ் வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினான்.