ஆறு இல்லாத இடத்தில்

என் பெண்டாட்டி பிரேமினியின் பிடிவாதம் ஊரறிந்தது. காற்றடித்து, நின்றுகொண்டே துடுப்புப் போடும் பலகை ஒன்று இருக்கிறதே, அதில் ஆறு தொடங்கும் பொகவந்தலாவையிலிருந்து கடல் வரைக்கும் போகிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

கித்துல்கலையில் ஒரு படகுக் கம்பனியில் இருக்கிறோம். நான் வெளிநாட்டுக்காரர்களை ஆற்றில் கூட்டிப்போகிறவன், அவள் சமையல்காரி. ஓய்வு நேரத்தில் பலகை பழகி எங்களையெல்லாம் மிஞ்சிவிட்டாள். எனக்கும் வழிகாட்டி வேலை கொடுங்கள் என்று கேட்டாள். ஆறு தொடங்கும் இடத்திலிருந்து கடல் வரைக்கும் வண்டி ஏறாமல் வந்து காட்டு, தருகிறேன் என்றார் முதலாளி. அவர் விளையாட்டாகச் சொன்னார். இவள் மறுநாளே பை கட்டினாள்.

முதல் நாள் நன்றாகத்தான் போனது. மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு, "ஏ புள்ள, விழுந்துறாத!" என்று கத்தினார்கள். நான் சோற்றுப் பார்சலோடு பஸ்ஸில் பின்னால் போனேன்.

காசல்ரீ அணைக்கட்டுக்குக் கீழே ஆறு கிடையாது. தண்ணீர் மலைக்குள் புகுந்து மின்சாரம் எடுக்கப் போய்விடும். வெறும் பாறைதான். பொல்பிட்டியவில்தான் ஆறு மறுபடி ஆறாகிறது. அதுவரை பலகையின் காற்றை இறக்கி, சுருட்டிப் பையில் போட்டு, ஒன்றரை நாள் நடை. இது தெரிந்த கதைதான். முதல் வளைவிலேயே பையின் தோள்வார் இரண்டும் அறுந்துபோகும் என்பதுதான் தெரியாது.

"ஆட்டோ பிடிப்போம். யாரு பாக்கப்போறா?" என்றேன்.

"நீங்க ஏறிப் போங்க" என்றாள்.

பக்கத்தில் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் மீனம்மா என்ற அக்காவிடம், கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிடும் கூடைக்கயிறு ஒன்று கேட்டு வாங்கி வந்தாள். பையைக் கட்டி முதுகில் ஏற்றி, கயிற்றைத் தலையில் மாட்டினாள். எனக்கு ரத்தம் கொதித்தது.

"எடு புள்ள அத! நான் என்ன சொல்லிக் கட்டிக்கிட்டேன்?"

அதுவரை கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அவளுடைய கூடைக்கயிற்றைக் கல்யாணத்தன்றே அடுப்பில் போட்டவன் நான். இனி இவள் தலையில் கயிறு ஏறாது என்று லயம் முழுக்கக் கேட்கச் சொன்னேன். எல்லோரும் என்னை மெச்சினார்கள். நானும் என்னை மெச்சிக்கொண்டேன்.

அவள் கயிற்றைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பத்தடி பின்னால் நடந்தேன்.

மூன்று மணி நேரத்தில் அவள் கழுத்து விறைத்துவிட்டது. திரும்பிப் பார்க்க உடம்பையே திருப்பினாள். இந்தக் கழுத்தோடு பலகையில் நிற்க முடியாது. நிற்க முடியாவிட்டால் வேலையும் இல்லை. என் தோளில் ஏற்றிப் பார்த்தேன், நூறு அடி போவதற்குள் பை சரிந்தது. கயிறு ஒன்றுதான் வழி. ஆனால் அது பெண்களின் கயிறு. ஓர் ஆம்பளை தலையில் அதைக் கண்டால் தோட்டத்தில் பத்து வருஷத்துக்குச் சிரிப்பார்கள்.

"குடு" என்றேன்.

கயிற்றை மாட்டி நாலு எட்டு வைத்ததும் கண் இருண்டது. "நிமிராதீங்க. கழுத்த முன்னால குடுங்க" என்றாள். எதிரே வந்த பஸ்ஸிலிருந்து ஒருவன் தலையை நீட்டி, "அண்ணே, எத்தன கிலோ?" என்று கூவினான். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கேட்கிற கேள்வி. நான் செத்துப்போனேன். பிரேமினி சிரித்தபடி, "பதினெட்டு!" என்று திருப்பிக் கூவினாள்.

அவள் கடைசியில் மட்டக்குளியில் கடலைத் தொட்டாள், வேலையும் கிடைத்தது. எனக்கு மட்டும் அந்தப் பயணம் பொல்பிட்டியவிலேயே முடிந்துவிட்டது.

அங்கே கயிற்றை இறக்கியபோது தலை எரிந்தது. பலகைக்குக் காற்றடிக்கக் குனிந்த அவள் உச்சியைப் பார்த்தேன். முடி தேய்ந்து குறுக்கே ஒரு கோடு. இத்தனை நாளும் பார்த்திருக்கிறேன், என்னவென்று யோசித்ததே இல்லை.

"எத்தன வருஷம் தூக்குன?"

"ஒம்பது."

"வலிச்சுச்சா?"

அவள் பலகையைத் தண்ணீரில் இறக்கி ஏறி நின்றாள்.

"கயித்த எரிச்சீங்களே, அன்னைக்குக் கேட்டிருக்கலாம்" என்றாள். பிறகு துடுப்பைப் போட்டாள்.