நாற்பத்தேழில் ஒரு கல்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டிலும் சொல்வார்கள், ஆபீசிலும் சொல்வார்கள். வராமல் என்ன செய்யும்? சகாதேவன் எழுதி வைத்துவிட்டுப் போன புரோகிராமை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு வரி இந்தக் கோடியில், அடுத்த வரி திரையின் அந்தக் கோடியில். ஓரிடத்தில் ஆங்கிலப் பெயர், இன்னோரிடத்தில் ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர். குளித்துவிட்டுத் தலை வாராமல் வந்த ஆள் மாதிரி இருந்தது.

வேங்கிக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் எங்கள் கம்பெனி. மொத்தமே மூன்று பேர். சகாதேவன் பெங்களூருக்குப் போன பிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்தவள் நான், கீதாஞ்சலி. கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஆதிலட்சுமி நடத்தும் லக்கேஜ் ரூமுக்காக அவர் எழுதியது அந்த புரோகிராம். அங்கே நூறு லாக்கர். சாமி பார்க்க வருகிறவர்கள் போன் நம்பரைத் தட்டினால் ஒரு கதவு திறக்கும். பையை வைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து அதே நம்பரைத் தட்டினால் அதே கதவு திறக்கும்.

இதை இன்னும் நாலு ஊரில் விற்க எங்கள் முதலாளி அர்ஜுனன் ஆசைப்பட்டார். வாங்குகிறவர்கள் உள்ளே எழுதியிருப்பதையும் பார்ப்பார்களாம்.

"பாக்கறதுக்கு நீட்டா இருக்கணும் கீதா, அவ்ளோதான். ஓடறதுல கை வெச்சிடாதீங்க," என்றார்.

முதலில் க்யூவை எடுத்தேன். கவுண்டரில் நிற்பவர்களை வந்த வரிசைப்படி கூப்பிடும் பகுதி அது. முன்னாடி, பின்னாடி, அடுத்தஆள் என்றெல்லாம் சகாதேவன் பெயர் வைத்திருந்தார். பெயர்களை மாற்றி, வரிகளை நேராக்கி, பாதி நாளில் முடித்தேன். எனக்கே என்மேல் ஒரு பெருமை வந்துவிட்டது.

அடுத்தது ஹாஷ் டேபிள். எந்தப் பை எந்த லாக்கரில் என்று சொல்வது அதுதான். போன் நம்பரின் கடைசி இரண்டு இலக்கம்தான் லாக்கர் எண். 46 என்று முடிந்தால் நாற்பத்தாறாவது லாக்கர். அங்கே வேறு பை இருந்தால் 47, அதிலும் இருந்தால் 48. தேடும்போதும் அதே வழிதான். காலி லாக்கர் வந்ததும் தேடல் நின்றுவிடும். அந்தப் பை உள்ளே இருந்தால் அந்தக் காலி இடத்திலேயே வைத்திருப்பார்களே, அதைத் தாண்டி ஏன் போகப் போகிறார்கள்?

அதில்தான் அந்தச் சொல்லைப் பார்த்தேன். ஒரு லாக்கரின் நிலையைக் குறிக்க மூன்று பெயர்கள்: பை, காலி, கல். முதல் இரண்டும் புரிந்தன. கல் என்றால் என்ன? பையை எடுத்துக்கொண்டு போனதும் அந்த லாக்கர் 'காலி' ஆகாமல் 'கல்' ஆனது. லாக்கருக்குள் யாராவது கல்லை வைப்பார்களா?

"கிரிவலத்துல வீடு கட்டணும்னு கல்லு மேல கல்லு அடுக்குவாங்களே, அந்த மாதிரி எதனா வேண்டுதலா இருக்கும்," என்றார் அர்ஜுனன். விளையாட்டுக்குச் சொல்கிறாரா, நிஜமாகச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. சகாதேவனுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மெசேஜ் அனுப்பினேன், பதில் இல்லை. இரண்டு நாள் அந்தக் கல் என் மண்டையைக் குடைந்தது. சாப்பிடும்போதுகூட அதே நினைப்பு.

புதுப் பை வைக்கும்போது காலியும் கல்லும் ஒன்றுதான், இரண்டிலும் வைக்கலாம். தேடும் பகுதியிலோ கல் என்ற பேச்சே இல்லை. அப்புறம் எதற்கு ஒரே ஆளுக்கு இரண்டு ரேஷன் கார்டு? கல் இருந்த இடத்தில் எல்லாம் காலி என்று போட்டேன். பத்துப் பை வைத்து, பத்தையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தது. வியாழக்கிழமை சாயந்திரம் ஆதிலட்சுமியின் மெஷினில் ஏற்றிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்தே காலுக்கு ஆதிலட்சுமி கூப்பிட்டாள்.

"மேடம், ஒரு பொண்ணோட பைய இல்லன்னு காட்டுது. அது அழுவுது. சீக்கிரம் வாங்க."

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டியில் பறந்தேன். அந்தப் பெண் பெயர் கவிநிலா. கீழ்பென்னாத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்திருக்கிறாள். பதினோரு மணிக்கு வேங்கிக்காலில் அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. அதற்கு முன் சாமியைக் கும்பிட்டுவிடலாம் என்று பையை இங்கே வைத்திருக்கிறாள். அவசரத்தில் எந்தக் கதவு என்று பார்த்து வைக்கவில்லை. மார்க் ஷீட், டிசி, சாதிச் சான்றிதழ் எல்லாமே ஒரிஜினல், எல்லாமே அந்தப் பையில்.

"நாலு வருசம் படிச்சேன்கா," என்றாள்.

"சாவி இருக்கில்ல? எல்லாக் கதவையும் தொறந்து பாத்துடலாம்," என்றேன்.

ஆதிலட்சுமி சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஆள் இல்லாம அடுத்தவங்க கதவ நான் தொறக்க மாட்டேன் மேடம். அந்த நம்பிக்கையிலதான் இங்க வெச்சிட்டுப் போறாங்க. எது இவங்க கதவுன்னு சொல்லுங்க, தொறக்கறேன்."

மணி பத்து முப்பத்தைந்து. லேப்டாப் உயிர் பெறுவதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. காலை நகர்த்தியபோது மேசைக்கு அடியில் ஏதோ இடித்தது. குனிந்து பார்த்தேன். ஒரு பழைய எண்ணெய் டின், அது நிறையக் கூழாங்கல்.

"இது எதுக்கு இங்க?"

"லாக்கர் வர்றதுக்கு முன்னாடி ரேக்குதான மேடம். ஒருத்தர் பைய எடுத்துட்டா அந்த எடத்துல ஒரு கல்லு வெப்பேன்."

"எதுக்குன்னு கேக்கறேன்."

"சும்மா காலியா உட்டா, வேலைக்கு இருக்கற பொண்ணு அத்தோட நின்னுடும். கல்லு இருந்தா, இங்க ஒருத்தர் இருந்தாரு, இன்னும் அந்தாண்ட தேடுன்னு அர்த்தம். சகாதேவன் சார் ரெண்டு நாள் இங்கயே உக்காந்து பாத்துட்டுத்தான போனாரு."

அட பாவமே. நான் கவிநிலா பக்கம் திரும்பினேன். "உன் நம்பர் எதுல முடியுது?"

"நாப்பத்தாறுக்கா."

லாக்கர்களைப் பார்த்தேன். 46இல் சிவப்பு விளக்கு, வேறு யாருடைய பையோ. 47இல் பச்சை, காலி; தேடல் அங்கேயே நின்றிருக்கும். 48இல் சிவப்பு.

"நாப்பத்தேழ யாராவது எடுத்துட்டுப் போனாங்களா?"

"இப்பதான், பத்து மணிக்கு ஒரு குடும்பம் போச்சு," என்றாள் ஆதிலட்சுமி.

"நாப்பத்தெட்ட தொறங்க."

"இவங்களுதுதானா? நீங்க சொல்றீங்களா?"

"நான் சொல்றேன்."

கதவு திறந்தது. நீலப் பை. கவிநிலா அதைப் பிடுங்கி, ஜிப்பைத் திறந்து, ஒவ்வொரு தாளாகத் தொட்டுப் பார்த்தாள்.

"மெஷின்ல என்னக்கா தப்பு?" என்றாள்.

அடுத்தவர் எழுதியதை வாய்க்கு வந்தபடி பேசியே பழகிய எனக்கு அந்தப் பதில் சுலபமாக வரவில்லை. "மெஷின்ல தப்பில்லமா. நான்தான் அதுல இருந்த ஒன்ன எடுத்துட்டேன். ஆட்டோ நிக்குது, கெளம்பு."

அவள் ஓடினாள். மணி பத்து நாற்பத்தைந்து.

லேப்டாப்பில் எந்தப் பை எந்த லாக்கரில் என்ற பட்டியல் திறந்திருந்தது. உள்ளே இருந்த ஒவ்வொரு நம்பரையும் தேடிப் பார்த்தேன். இன்னும் பதினோரு பைகளுக்கு 'இல்லை' என்று வந்தது. அந்தப் பதினோரு பேரும் கோயிலில் நிம்மதியாகச் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சகாதேவன் எழுதிய பகுதியைத் தலை வாராத கோலத்திலேயே திரும்ப ஏற்றினேன். காலையிலிருந்து காலியான இடங்களில், பட்டியலில் கையாலேயே ஒவ்வொன்றாகக் கல் வைத்தேன், 47இலிருந்து ஆரம்பித்து. ஆதிலட்சுமி டீ வாங்கி வந்து வைத்தாள், ஆறிப்போனது. பதினோராவது ஆள், வேர்த்து விறுவிறுத்த ஒரு பெரியவர், வந்து நம்பரைத் தட்டிக் கதவு திறக்கிறவரை நான் அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.