ஊசி மாத்தியாச்சு

சகலை கொண்டுவந்து போட்ட நாலு பேன்ட்டையும் இடுப்பில் மூன்று அங்குலம் பிடிக்க வேண்டியிருந்தது. டெய்லர் நம்பாமல் டேப்பை இன்னொரு சுற்று சுற்றிப் பார்த்தார். ஆறு மாதத்துக்கு முன்னால், தொப்பை ஸ்டியரிங்கில் இடிக்கிறது என்று பஸ் சீட்டையே பின்னால் தள்ளிப் போட்ட மனிதர், இன்று சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புது மாப்பிள்ளை மாதிரி கூடத்தில் நிற்கிறார்.

"உனக்கு எவ்ளோ குறைஞ்சுது சகலை?"

"நாலு கிலோ."

"எனக்குப் பதினாலு" என்றார் டிரைவர், யாரும் கேட்காமலே.

காபி கொண்டுவந்த டெய்லரின் மனைவிக்குத் தன் புருஷன் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டு பேருக்குமே வாரம் ஒரு ஊசிதான். ஆனால் மருந்து வேறு. அக்கா வீட்டுக்காரருக்கு எடை குறையக் கொடுத்தது. இவருக்குச் சர்க்கரைக்குக் கொடுத்தது, எடை குறைந்தால் அது கொசுறு. இதை டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியும், ஞாயிற்றுக்கிழமை ஆனால் இரண்டு சகலைகளும் பரீட்சை மார்க் மாதிரி கிலோவை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவருக்கு எப்போதும் தோல்விதான்.

செவ்வாய்க்கிழமை, பல் டாக்டர் கிளினிக்கில் அவள் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள்.

"ஏண்டி, உங்க அத்தான் செஞ்ச வேலையப் பாரு. டாக்டர் டோஸ ஏத்தினதுல பழைய ஊசி ஒண்ணு மீந்து போச்சாம். ஞாயித்துக்கிழமை அத உன் வீட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டு வந்திருக்காரு, போட்டுப் பாருன்னு."

அவள் டோக்கன் கொடுப்பதை நிறுத்தினாள். வெள்ளிக்கிழமைதான் தன் கையாலேயே அவருடைய ஊசியைப் போட்டுவிட்டிருந்தாள். ஒன்றின் மேல் இன்னொன்றைப் போடவே கூடாது என்று, ஊசி போடக் கற்றுக்கொடுத்தபோதே நர்ஸ் எச்சரித்திருந்தாள். உடனே கடைக்குப் போன் போட்டாள். மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"என்னங்க, அந்த ஊசி..."

"மாத்திட்டேன், இப்பதான். இனிமே சல்லுன்னு போகும்" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை.

டோக்கன் கட்டைப் பக்கத்தில் இருந்தவளிடம் திணித்துவிட்டு ஓடினாள். இரண்டு தெருதான். நடக்க நடக்கக் கோபத்தை மிஞ்சிப் பயம் ஏறியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை கன்னாபின்னாவென்று ஏறி, அவர் பார்வை மங்கி, நீலச் சட்டைக்குக் கறுப்பு நூலில் பட்டன் தைத்துக் கொடுத்ததெல்லாம் ஞாபகம் வந்தது. அப்போதிலிருந்து தினமும் காலையில் பன்னிரண்டு ஊசிகளில் நூல் கோத்து, குண்டூசி மெத்தையில் வரிசையாகக் குத்தி, சாப்பாட்டு டப்பாவோடு கொடுத்தனுப்புவது அவள்தான். மெஷின் ஊசிக்கு எதிர்க்கடை ஜூஸ்காரர் வந்து கோத்துக் கொடுப்பார். அவருக்கு மறுபடி எதுவும் ஆகிவிடக் கூடாது என்பதைத் தவிர அவளுக்கு வேறு வேண்டுதலே இல்லை.

"எங்க போட்டீங்க? வயித்துலயா, தொடையிலயா?" மூச்சிரைக்கக் கேட்டாள்.

டெய்லர் முழித்தார். "மெஷின்லதான். சகலையோட பேன்ட் இடுப்புப் பட்டி தடிமன் தாங்காம பதினாறாம் நம்பர் ஊசி ஒடிஞ்சு போச்சு. பதினெட்டு மாத்தியிருக்கேன்."

அவள் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"அத்தான் குடுத்தது?"

"ஜூஸ் கடை ஃப்ரிட்ஜ்ல இருக்கு. சாயங்காலம் திருப்பிக் குடுத்துடுவேன்."

"ஆசை வரலியா?"

"வராம என்ன, ரெண்டு நாளா தூக்கமே இல்ல. ஆனா எனக்கு என் மருந்தே நல்லாத்தான் வேலை செய்யுது" என்று டேபிளைப் பார்த்துச் சொன்னார்.

அப்போதுதான் அவள் கவனித்தாள். மெஷினின் புது ஊசியில் நூல் ஏறியிருந்தது. எதிரே ஜூஸ் கடையில் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. ஜூஸ்காரர் சாப்பிடப் போயிருக்க வேண்டும்.

"யாரு கோத்தா?"

அவர் கத்தரிக்கோலைத் தேடுவது போலக் குனிந்தார். அவள் குண்டூசி மெத்தையை எடுத்தாள். காலையில் கோத்த பன்னிரண்டும் நூலோடு அப்படியே இருந்தன. ஆனால் தைத்து முடித்த சட்டைகள் ஆறு, பட்டனோடு மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"எத்தன நாளா கண்ணு தெரியுது?"

"மூணு வாரமா."

"தினம் வீட்டுக்கு நூல் இல்லாமத்தான வருது இது."

"சாயங்காலம் கடை சாத்தறப்ப நானே உருவிடுவேன்" என்றார், மாட்டிக்கொண்ட பையனைப் போல. "சொன்னா நீ கோக்கறத நிறுத்திடுவ."

திட்ட வேண்டும் என்று வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். அவர் மெஷினை ஓட்ட ஆரம்பித்தார். கிளினிக்கில் கூட்டம் சேர்ந்திருக்கும், போகட்டும். மெத்தையை மடியில் வைத்துக்கொண்டு, கறுப்பு, வெள்ளை, நீலம் என்று ஒவ்வொரு நூலாக உருவினாள். வெறும் ஊசிகளை, நாளைக் காலையில் கோப்பதற்காக மறுபடியும் வரிசையாகக் குத்தினாள்.