அண்ணி கொடுத்த இலை

புருஷன் விசிலடிப்பதைக் கேட்டு எந்தப் பெண்ணுக்காவது வயிறு எரியுமா? அவளுக்கு எரிந்தது.

அவர் படச்சட்டக் கடையில் கண்ணாடி வெட்டுபவர். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து கடைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். சாப்பிடு என்றால் சாப்பிட்டார், குளி என்றால் குளித்தார். ஒருநாள் அதுவும் நின்றது. மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலை அவளுடையது; இது சோம்பலில்லை, மனச்சோர்வு என்று அவளுக்குத் தெரிந்தது. கெஞ்சி, அழுது, டாக்டரிடம் அழைத்துப் போனாள். "மாத்திரை பிடிக்க ஒரு மாசத்துக்கு மேல ஆகலாம், பொறுத்துக்கோங்க" என்றார் டாக்டர். முதல் வாரங்களில் வயிற்றைப் புரட்டியது, தூக்கம் கெட்டது. ஒவ்வொரு காலையும் மாத்திரையோடு தண்ணீரை நீட்டிக்கொண்டு நின்றவள் அவள்தான்.

மாசம் முடிகிற சமயம் பார்த்து வந்து சேர்ந்தார் அண்ணி.

அண்ணி என்றால் அவருடைய அக்கா. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து தன் காலடியிலும் ஒரு பிரேக் வைத்துக்கொண்டு ஊரையே ஓட்டிப் பழக்கியதால், வீட்டில் பேசும்போதும் கால் பிரேக்கின்மேல் இருப்பதுபோலவே பேசுவார். கைப்பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஜின்கோ. மரத்து இலைடா. மனசுக்கு நல்லதாம். உன் பொண்டாட்டி குடுக்கற கெமிக்கல் மாதிரி இல்லை."

"என்ன மருந்துக்காரி, குடுக்கலாமில்ல?" என்று அவள் பக்கம் திரும்பினார்.

கடையில் வேறு யார் அதைக் கேட்டிருந்தாலும், "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்றுதான் அவள் வாயிலிருந்து முதலில் வந்திருக்கும். அன்று வரவில்லை. எரிச்சல்தான் முந்திக்கொண்டது.

"வெறும் இலைத்தூள் அண்ணி. சாப்பிட்டாலும் ஒண்ணும் ஆகாது, சாப்பிடாட்டியும் ஒண்ணும் ஆகாது."

அண்ணியின் குப்பியை உப்புக்குச் சப்பாணியாக்கிவிட்ட திருப்தி அவளுக்கு. அந்தத் திருப்தி இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. ஒருநாள் காலை அவரே எழுந்து முகம் சவரம் செய்துகொண்டார். அடுத்த நாள் கடைச் சாவியைத் தேடினார். அப்புறம் விசில்.

"அக்கா குடுத்த இலை வேலை செய்யுது பார்த்தியா?" என்றார், குழந்தை மாதிரி.

உழுதவள் ஒருத்தி, அறுத்துக்கொண்டு போனவள் இன்னொருத்தி. அண்ணி தினமும் போன் செய்தார். "என் தம்பியை மீட்டுட்டேன்" என்று போன் ஸ்பீக்கரில் அவர் சொல்வது அடுக்களை வரைக்கும் கேட்டது. இவள் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே அடுக்கினாள். தம்பி சிரித்தால் அக்காவுக்குப் பெருமை, முகம் வாடினால் பொண்டாட்டி கவனிப்பு சரியில்லை. இது எந்த ஊர் நியாயம்?

அப்போதுதான் அவருடைய முழங்கைக்கு மேலே ஒரு நீலத் திட்டைப் பார்த்தாள். எங்கும் இடித்துக்கொள்ளவில்லை என்றார். பல் தேய்த்துத் துப்பியதில் சிவப்பு. கண்ணாடிக்காரர் கையில் கீறல் புதிதில்லை, விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு அடுத்த கண்ணாடியை எடுக்கிறவர். அன்றோ, சின்னக் கீறலுக்குச் சுற்றிய துணி நனைந்து, மாற்றிய துணியும் நனைந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர் சாப்பிடும் மாத்திரை ரத்தம் உறைவதைக் கொஞ்சம் தளர்த்தக்கூடியது. ஜின்கோவும் அப்படித்தான் என்று சொல்வார்கள். போதாததற்குப் பல்வலி என்று அவராகவே வலி மாத்திரை வேறு போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க அடுத்த மாதம் நாள் குறித்திருந்தது.

"இலையை நிறுத்துங்க. மாத்திரையும் அதுவும் சேரக் கூடாது. ரத்தம் நிக்காது."

அவர் சிரித்தார். "நீதானே சொன்னே, ஒண்ணும் பண்ணாதுன்னு?"

போனில் அண்ணியும் விடவில்லை. "அன்னைக்கு வெறும் தூளு, இன்னைக்கு விஷமா? நிறுத்தறதா இருந்தா உன் மாத்திரையை நிறுத்தட்டும். என் தம்பி சிரிக்கறது உனக்குப் பொறுக்கலை, அதைச் சொல்லு."

அண்ணி சொன்னதில் பாதி உண்மை.

டாக்டரிடம் கேட்டாள். "இலையை உடனே விடணும், மாத்திரையைத் திடீர்னு விடக் கூடாது" என்று அவரும் சொன்னார். அதை அப்படியே வீட்டில் சொன்னாள். "டாக்டரும் உன் கட்சி" என்றார் கணவர். வேறு வழியில்லை. மறுநாள் மதியம் பயிற்சிக் காரின் கதவைத் திறந்து, அண்ணிக்குப் பக்கத்தில், கற்றுக்கொள்பவர்கள் உட்காரும் இருக்கையில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, உங்க இலைதான் அவரைத் தூக்கிவிட்டுச்சு."

கடுக்காய்க் கஷாயம் குடித்தமாதிரி இருந்தது சொல்வதற்கு. அண்ணியின் முகமோ மலர்ந்துபோனது.

"இப்பவாவது ஒத்துக்கிட்டியே."

"நான்தான் தப்பா எடை போட்டுட்டேன். அது பலமான சரக்கு. அதனாலதான் மாத்திரையோட சேர்ந்து ரத்தத்தை இளக்குது. அவர் கையைப் பார்த்தீங்களா? இப்படியே பல்லைப் பிடுங்கினா என்ன ஆகும்? நான் சொன்னா பொறாமைங்கறார். நீங்க சொன்னாத்தான் கேப்பார்."

அண்ணி போனை எடுத்தார். "டேய், இலை போதும், நிறுத்து. வலி மாத்திரையையும் டாக்டரைக் கேக்காம தொடாதே. மத்த மாத்திரையை விட்டே, தோலை உரிச்சிடுவேன்."

"சரிக்கா" என்றது போன். அவ்வளவுதான். அவள் நாள்கணக்கில் தொண்டை வறளச் சொன்ன விஷயம்.

நீலத் திட்டு மங்கியது. பல்லும் வம்பில்லாமல் வந்தது. அவர் பஞ்சைக் கடித்துக்கொண்டு கைச்சாடையிலேயே அக்காவுக்கு நன்றி சொன்னார்.

சில நாள் கழித்து மருந்துக்கடைக்கு ஒரு பெண் வந்தாள். அண்ணியிடம் கார் ஓட்டப் பழகுகிறவளாம்.

"ஜின்கோ வேணும். அவங்க தம்பியையே அது எழுப்பிடுச்சாமே? நீங்களே ஒத்துக்கிட்டீங்களாம்."

"வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

அந்தப் பெண் பையைத் துழாவி ஓர் அட்டையை எடுத்துக் காட்டினாள். அவர் சாப்பிடும் அதே மாத்திரை.

அவள் ஜின்கோ குப்பியை அலமாரியிலேயே பின்னுக்குத் தள்ளினாள். "இது ரெண்டும் ஒத்துப்போகாது. ரத்தம் நிக்காம போகலாம். உங்க டாக்டரைக் கேக்காம தொடாதீங்க."

"அப்ப உங்க வீட்டுக்காரருக்கு?"

இதற்கு அவளிடம் சாட்சி ஒன்றும் இல்லை, டாக்டர் சொன்ன ஒரு மாசக் கணக்கு மட்டும்தான் இருந்தது. கடையில் இன்னும் நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்:

"அவரை எழுப்பினது மாத்திரைதான். அன்னைக்கு அண்ணிகிட்ட நான் ஒத்துக்கிட்டது பொய்."

பொழுது சாய்வதற்குள் இது பயிற்சிக் காருக்குப் போய்விடும். அந்தப் பெண் தயங்கி, வெறுங்கையோடு படியிறங்கினாள்.

"போய் அண்ணிகிட்டச் சொல்லுங்க" என்றாள் அவள், யாரும் கேட்காமலேயே.